மருத்துவர் அல்லாதவர் பொதுச் சுகாதார ஆராய்ச்சிக்கு வந்தால்: எம்பிஎச், பிஎச்டி, ஆய்வுத் தலைப்பு

கல்வராயன்_அடிவாரம்

வணக்கம். நான் பிஎஸ்சி நர்சிங் முடித்துவிட்டு கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள். இப்போது எம்பிஎச் (பொதுச் சுகாதார முதுகலை) முதலாண்டு முடியப்போகிறது, அடுத்த மாதத்துக்குள் ஆய்வுத் தலைப்பைக் கொடுக்க வேண்டும். சுகாதாரத்தில் உள்ள ஏற்றத்தாழ்வு பற்றித்தான் செய்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் ஊர் கல்வராயன் மலைக்குக் கீழே இருக்கிறது, மேலே உள்ள ஊர்களிலிருந்து பிரசவ வலியோடு ஜீப்பில் இறங்கி வருகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தேன், அப்புறம் கோவையில் ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்துக்கு சிசேரியன் வைத்துக்கொள்கிறவர்களையும் பார்த்தேன். இரண்டும் ஒரே மாநிலம்.

நான் யோசித்து வைத்திருக்கும் தலைப்பு: தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுத் (2019–21) தரவை வைத்து, தமிழ்நாட்டில் சிசேரியன் விகிதம் வசதி வாரியாகவும் சாதி வாரியாகவும் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. மாநிலம் முழுவதும் 44.9 சதவீதம், தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36.0. தரவு தயாராக இருக்கிறது, களத்துக்குப் போக வேண்டாம், சீக்கிரம் முடித்துவிடலாம் என்று வகுப்பில் எல்லாரும் சொல்கிறார்கள்.

இந்தத் தலைப்பு சரியா? டாக்டர் அல்லாத எனக்கு இதற்குப் பிறகு வேலை, பிஎச்டி என்று என்ன வழி இருக்கிறது? வீட்டில் "நர்ஸ் வேலையையும் விட்டுவிட்டு அப்படி என்னதான் படிக்கிறாய்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும்.

சராசரிக்கு_அப்பால்

தலைப்பில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் உங்களை இந்தப் படிப்புக்கு இழுத்து வந்தது ஜீப்பில் இறங்கி வந்த பெண்கள், அவர்களைப் பற்றி இந்தத் தரவு வாயே திறக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 1.1 சதவீதம். ஐந்தாம் சுற்றில் இங்கே பேட்டி எடுக்கப்பட்ட பெண்கள் 25,000-க்குச் சற்று மேல். அதே விகிதத்தில் வந்திருந்தாலும் பழங்குடிப் பெண்கள் 300-க்குள்தான் இருப்பார்கள். அதில் முந்தைய ஐந்து ஆண்டுகளில் பிள்ளை பெற்றவர்கள் என்று வடிகட்டினால் எண்ணிக்கை இன்னும் சுருங்கும், அதையும் வசதி வாரியாக ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொரு கட்டத்திலும் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சும். மாவட்ட வாரியாகப் பார்க்கலாம் என்றால் உங்கள் மலை இருக்கும் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதே 2019-இல், அந்தச் சுற்றில் அது விழுப்புரத்துக்குள் அடங்கிப் போனது. மலைமேல் இருப்பவர்களை மட்டும் பிரித்தெடுக்க அதில் வழியே கிடையாது.

நான் பிஎச்டியில் இதே சுவரில்தான் தினமும் முட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மருத்துவமனைப் பிரசவம் 99.6 சதவீதம் என்பது அதே ஆய்வு தரும் எண். பெருமைப்பட வேண்டிய எண்தான், சந்தேகமில்லை. 1939-இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மாநிலம், 2018–20-இல் இந்தியாவில் ஒரு லட்சம் பிறப்புக்கு 97 தாய்மார்கள் இறந்தபோது இங்கே 54. ஆனால் 99.6-ஐப் பார்த்ததும் எல்லாரும் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். மீதி 0.4-இல் இருப்பவர்கள் மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்களா, அல்லது ஒரு சில மலைகளிலும் செங்கல் சூளைகளிலும்தான் குவிந்திருக்கிறார்களா? அந்த 99.6-க்குள் இருப்பவர்களிலேயே வலி வந்து எத்தனை மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரி வாசலை மிதித்தார்கள்? சராசரி நன்றாக இருக்கும் மாநிலத்தில்தான் இந்தக் கேள்விகளைக் கேட்பது கடினம், கேட்டே ஆக வேண்டியதும் அங்கேதான்.

மார்கரெட் வைட்ஹெட் 1990 வாக்கில் கொடுத்த வரையறையை வகுப்பில் படித்திருப்பீர்கள்: தேவையற்றது, தவிர்க்கக்கூடியது, நியாயமற்றது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் வெறும் வேறுபாடு அநீதியாகிறது. ஆண்களுக்கு மட்டும் புராஸ்டேட் புற்றுநோய் வருவது வேறுபாடு, அவ்வளவுதான். ஒரே மாவட்டத்தில் ரோடு உள்ள ஊர்க்காரி பிழைப்பதும் ரோடு இல்லாத ஊர்க்காரி செத்துப்போவதும் இந்த மூன்றிலும் மாட்டும். ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் லான்செட்டில் எழுதியதையும் மறுபடி எடுத்துப் படியுங்கள். நல்ல மருத்துவம் அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊரில் உட்கார்ந்து எழுதிய சாதாரணக் குடும்ப டாக்டர் அவர்.

சிசேரியன் தலைப்பையே செய்வதானாலும் இரண்டு விஷயம். மாதிரி எடை (பேட்டி கொடுத்த ஒவ்வொருவரும் மக்களில் எத்தனை பேருக்குச் சமம் என்ற கணக்கு) போடாமல் எதையும் கணக்கிடாதீர்கள். ஏற்றத்தாழ்வை அளப்பது பற்றி உலக வங்கி 2008-இல் வெளியிட்ட கையேடு இலவசமாகக் கிடைக்கிறது, செறிவுக் குறியீடு (வசதி வாரியான ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணில் சொல்லும் அளவு) அத்தியாயத்தை உட்கார்ந்து கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மென்பொருளுக்குக் காசு வேண்டாம், ஆர் என்ற இலவச மென்பொருளே போதும்.

நெட்_படிக்கிறேன்

அக்கா, நானும் மருத்துவர் அல்லாத எம்பிஎச்தான், சமூகப்பணி படித்துவிட்டு வந்தேன். ஒரு தகவல்: பல்கலைக்கழக மானியக் குழுவின் யுஜிசி நெட் தகுதித் தேர்வில் சமூக மருத்துவமும் சமுதாய நலமும் என்று தனிப் பாடமே இருக்கிறது, எம்பிஎச் படித்தவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. அதில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. 2024-இலிருந்து அதே நெட் மதிப்பெண்ணை பிஎச்டி சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் சொல்ல இது ஒரு பதில், சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கலாம் என்று சொன்னதும் எங்கள் அப்பாவின் குரலே மாறிவிட்டது.

எழும்பூர்_எம்டி

நான் சமூக மருத்துவத்தில் எம்டி, ஆய்வேடுகளை மதிப்பிடுகிறவன். சராசரிக்கு_அப்பால் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன், பாதிக்கு இல்லை. "களத்துக்குப் போ" என்று சொன்னதும் மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? பதினைந்து பெண்களிடம் பேசிவிட்டு வறுமை, தூரம், விழிப்புணர்வின்மை என்று மூன்று தலைப்பு போட்டு முடித்துவிடுகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க மலை ஏறவே வேண்டாம். ஏற்றத்தாழ்வு பற்றி உணர்ச்சியோடு எழுதத் தெரிந்த பலருக்கு, எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற முதல் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தொற்றுநோயியலையும் புள்ளியியலையும் ஒழுங்காகக் கற்காமல் இந்தத் துறைக்கு வந்தால், உங்கள் பேச்சை அரசாங்கத்தில் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். நர்ஸ் என்பதால் இரண்டு மடங்கு வாங்க மாட்டார்கள். அது நியாயமில்லை, ஆனால் நிலைமை அதுதான்.

ஏற்றத்தாழ்வு என்ற சொல்லையே உச்சரிக்காமல் ஏழைகளின் உயிரைக் காப்பாற்றும் வேலை ஒன்றைச் சொல்கிறேன். சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து 2022-இல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கின. காசநோய் என்று தெரிந்தவுடனே நர்ஸோ பரிசோதகரோ மூன்று விஷயம் பார்க்கிறார்: உயரத்துக்கு ஏற்ற எடை ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. எதிலாவது மாட்டினால் வீட்டுக்கு அனுப்பாமல் உடனே மேல்பரிசோதனை, தேவைப்பட்டால் வார்டில் சேர்க்கை. ஒரு எடை மெஷினும் ஒரு உயரக் கோலும் இருந்தால் முதல் படி முடிந்தது. எலும்பும் தோலுமாக வருகிறவர் யார் என்று உங்களுக்கே தெரியும், தனியாகச் சாதியையோ வருமானத்தையோ கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்று, ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வு, 2023-இல் வெளிவந்தது. காசநோயாளிகளின் வீட்டில் இருப்பவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பசி காசநோயை வளர்க்கிறது என்பது நம் பாட்டிகளுக்கே தெரியும், ஆனால் 10,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதனை செய்து எண்ணாகக் காட்டிய பிறகுதான் கொள்கை பேசுகிறவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த மாதிரி ஆய்வைச் செய்யும் திறமையை முதலில் சம்பாதியுங்கள்.

சராசரிக்கு_அப்பால்

டாக்டர், திறமை வேண்டும் என்பதில் சண்டையே இல்லை. ஆனால் இறப்பில்லாத் திட்டத்தின் மூன்று கேள்விகளும் பரிசோதனை மேஜை வரை வந்துவிட்டவருக்குத்தான். இருமிக்கொண்டே கல்குவாரியில் வேலை செய்து, சளிப் பரிசோதனைக்கே வராமல் போனவர் அந்தப் பதிவேட்டில் இல்லை. எத்தனை பேரில் எத்தனை பேர் என்கிறீர்கள், அந்த முதல் "எத்தனை பேர்" யார் என்பதைத்தான் நான் கேட்கிறேன். அதைத் தெரிந்துகொள்ள ஆளை அனுப்பித்தான் ஆக வேண்டும்.

ஓய்வுபெற்ற_எச்ஐ

தங்கச்சி, நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன், கடைசியில் கொஞ்ச வருடம் மலை வட்டாரத்தில் இருந்தேன். படித்தவர்கள் இரண்டு பேர் பேசுவதும் சரிதான், நான் பார்த்ததைச் சொல்கிறேன், உனக்கு உதவும்.

துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. தாளில் பார்த்தால் மலைக்காரர்களுக்குச் சலுகை மாதிரி தெரியும். ஆனால் சமவெளியில் அந்த 5,000 பேரும் நாலு ஊரில் இருப்பார்கள், கிராம சுகாதார செவிலியர் ஸ்கூட்டியில் ஒரே நாளில் சுற்றி வந்துவிடுவார். மலையில் 3,000 பேர் பத்துப் பதினைந்து குக்கிராமத்தில் இருப்பார்கள், பாதி ஊருக்கு நடைதான், மழை பெய்தால் ஓடை தாண்ட முடியாது. அந்த அம்மா அத்தனை கர்ப்பிணிகளையும் மாதம் ஒருமுறை பார்த்ததாக எழுத வேண்டும், எழுதாவிட்டால் மேலே கேள்வி வரும். அதனால் பதிவேட்டைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதே, செவிலியரைக் குற்றம் சொல்லியும் எழுதாதே. அவரோடு ஒருநாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை நட, அப்புறம் பதிவேட்டைத் திறந்து பார், ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி தெரியும்.

உனக்கு ஒரு தலைப்பு சொல்லவா? மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவ காத்திருப்பு அறை என்று அரசு வைத்திருக்கிறது. தேதி நெருங்கும்போதே கர்ப்பிணி கீழே வந்து தங்கிக்கொள்ளலாம், கூட ஒருவர் இருக்கலாம், சாப்பாடு உண்டு. நல்ல யோசனை. ஆனால் சில ஊர்ப் பெண்கள் வருவார்கள், சில ஊர்ப் பெண்கள் எத்தனை தடவை சொன்னாலும் வர மாட்டார்கள். "விழிப்புணர்வு இல்லை" என்று அறிக்கையில் எழுதிவிடுவோம். உட்கார்ந்து பேசினால் வேறு கதை வரும். ஒருத்திக்கு மூத்தது இரண்டும் சின்னப் பிள்ளைகள், விட்டுவிட்டு வந்தால் யார் பார்ப்பது. துணைக்கு வரும் மாமியாருக்கு மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் கூலி போகும், அந்தக் கூலியை யாரும் கொடுப்பதில்லை. இன்னொருத்தி கேரளாவில் மிளகு பறிக்கப் போன இடத்தில் எட்டாம் மாதம், ஊரிலேயே இல்லை, பெயர் மட்டும் நம் பட்டியலில் இருக்கும். ஒருத்தி சொன்னது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது, "அங்கே படுக்கை பக்கத்தில் ஆம்பிளைங்க நடமாடுறாங்க சார், நான் எப்படிப் படுக்கிறது" என்றாள். ஒரு திரை கட்டியிருந்தால் அவள் வந்திருப்பாள்.

யார் வருகிறார்கள், யார் வரவில்லை, ஏன். இதை ஒழுங்காகச் செய்துகொடு, உன் ஆய்வை நானே எடுத்துக்கொண்டு போய் தெரிந்த அதிகாரிகளிடம் கொடுக்கிறேன்.

கொழுந்துமலை

இலங்கையில் அட்டன் பக்கமிருந்து எழுதுகிறேன். நீங்கள் கதைப்பது அப்படியே எங்கள் கதை. எங்கள் நாட்டைத் தெற்காசியாவின் சுகாதார முன்மாதிரி என்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் எழுதுவார்கள், இலவச வைத்தியம், குறைந்த சிசு மரணம் எல்லாம் உண்மை. 2016-ஆம் ஆண்டு மக்கள்தொகை சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம் அளவில். தோட்டப் பகுதியைத் தனியாக எடுத்தால் கிட்டத்தட்ட 32. ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த எண் எங்களுக்குக் கிடைத்ததே அந்த ஆய்வில் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்ததால்தான். இரண்டாக மட்டும் பிரித்திருந்தால் நாங்கள் கிராமத்தோடு கரைந்து போயிருப்போம், அங்கே ஒரு பிரச்சினை இருப்பதே தெரிந்திராது. ஆகவே சராசரிக்கு_அப்பால் சொல்வதை முழுதாக ஏற்றுக்கொள்கிறேன், எந்தக் கட்டத்தில் ஆளைப் போடுகிறோம் என்பதே பாதி அரசியல்.

ஆனால் டாக்டர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. எங்கள் பகுதிக்கு ஆய்வாளர்கள் வருவார்கள், தாய்மாருக்குப் போஷாக்கு அறிவு போதாது என்று எழுதிவிட்டுப் போவார்கள். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடுகிற தாய் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகம்) விட்டுவிட்டு மலைக்கு ஏறுகிறாள், கொழுந்து நிறை குறைந்தால் அன்றைய பெயர், அதாவது நாள்கூலி, பாதியாகும், பிள்ளைக்குப் பகலில் எத்தனை முறை சாப்பாடு ஊட்டப்படுகிறது என்பதை அவள் பார்க்கவே முடியாது. அவளிடம் அறிவு பற்றிக் கேள்வித்தாள் கொடுத்தால் அறிவு பற்றிய பதில்தான் வரும். வேலை நேரத்தைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். தங்கையே, உங்கள் கேள்வித்தாளில் "உங்களுக்குத் தெரியுமா" என்று தொடங்கும் கேள்விகளை எண்ணிப் பாருங்கள். பாதியை எடுத்துவிட்டு நேரம், கூலி, தூரம், துணை ஆகியவற்றைக் கேளுங்கள்.

பால்டிமோர்_பனி

வெளிநாட்டுப் பக்கம் யாரும் சொல்லவில்லை, அதை நான் சொல்கிறேன். அமெரிக்காவில் பிஎச்டி முடிக்கும் நிலையில் இருக்கிறேன். பொதுவாக இங்கே எம்பிஎச் கைக்காசு, பிஎச்டி என்றால் கட்டணமும் உதவித்தொகையும் பெரும்பாலும் துறையே தரும், அதனால் இந்தியாவில் எம்பிஎச் முடித்துவிட்டு நேராக பிஎச்டிக்கு விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம். ஆனால் 2025-இல் இங்கே நடந்ததைத் தெரிந்துகொண்டு வாருங்கள். தேசிய சுகாதார நிறுவனம் ஏற்கெனவே கொடுத்திருந்த ஏராளமான நிதிகளைப் பாதியில் ரத்து செய்தது, ஏற்றத்தாழ்வு பற்றிய ஆய்வுகள்தான் முதலில் அடிபட்டன. நல்ல ஆய்வாளர்கள் சம்பளம் இல்லாமல் நின்றார்கள். பல நாடுகளின் குடும்பநலத் தரவை வெளியிடும் டிஎச்எஸ் திட்டமும் அமெரிக்க உதவியில் ஓடியதுதான், அந்தப் பிப்ரவரியில் அது நிறுத்திவைக்கப்பட்டபோது தரவு கேட்டுக் காத்திருந்த மாணவர்கள் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள்.

இதனால் வராதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரே நாட்டை நம்பாதீர்கள் என்கிறேன். பிரிட்டனில் காமன்வெல்த், செவனிங் உதவித்தொகைகள் இருக்கின்றன, செவனிங் முதுகலைப் படிப்புக்குத்தான், அதற்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், உங்கள் வார்டு வேலை கணக்கில் வரும், முடித்ததும் இரண்டு ஆண்டுக்கு நாடு திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. எதற்கு விண்ணப்பித்தாலும் உங்கள் கையில் சொந்தக் களத்திலிருந்து வந்த ஒரு தரவு இருந்தால் நீங்கள் தனித்துத் தெரிவீர்கள். குடும்பநல ஆய்வை ஆயிரம் பேர் அலசுகிறார்கள். கல்வராயன் மலையின் காத்திருப்பு அறையை அலசியவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

ஒப்பந்தப்_பணியாளர்

வேலை பற்றி நேராகச் சொல்கிறேன், யாரும் சொல்லத் தயங்குகிறார்கள். தமிழ்நாட்டில் சுகாதார அலுவலர் போன்ற நிரந்தரப் பணிகளுக்கு மருத்துவப் பட்டம் கேட்பார்கள். மருத்துவர் அல்லாத எம்பிஎச்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் திட்டப் பணிகள், ஒப்பந்த அடிப்படை. நான் ஒரு திட்டத்தில் வேலை பார்த்தேன், நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது, நிதியாண்டு முடிவில் புதுப்பிக்கும் கடிதம் வரவில்லை, அவ்வளவுதான், யாரும் கூப்பிட்டுக் கூடச் சொல்லவில்லை. வீட்டுக் கடன், கல்யாணம் என்று இருக்கிறவர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை. ஏற்றத்தாழ்வை ஆராய வருகிறவர்களிலேயே யார் தாக்குப்பிடிக்க முடிகிறது என்று பார்த்தால், வீட்டில் வசதி உள்ளவர்கள்தான். இதையும் ஒருவர் ஆராய வேண்டும்.

உங்களுக்கு ஒன்று சொல்வேன், நர்சிங் கவுன்சில் பதிவைத் தவறாமல் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். எந்தத் திட்டம் நின்றாலும் அது உங்களுக்குச் சோறு போடும். அரசு நர்ஸ் தேர்வையும் கைவிடாதீர்கள், உள்ளே இருந்துகொண்டு ஆராய்ச்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கல்வராயன்_அடிவாரம்

எல்லாருக்கும் நன்றி, எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். வழிகாட்டியிடம் பேசிவிட்டேன். சிசேரியன் தலைப்பை விட்டுவிட்டு பிரசவ காத்திருப்பு அறையை எடுக்கிறேன். எச்ஐ சார் சொன்ன மூன்று கேள்விகள், டாக்டர் கேட்ட "எத்தனை பேரில் எத்தனை பேர்" இரண்டையும் சேர்த்து இப்படி யோசித்திருக்கிறேன்: ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் கீழ் வரும் எல்லாத் துணை நிலையங்களிலும் கடந்த ஓராண்டில் பிள்ளை பெற்ற எல்லாப் பெண்களையும் பட்டியல் எடுப்பது, மாதிரி எடுக்காமல் முழுவதையும். ஒவ்வொருவரின் ஊரும் தார்ச்சாலையிலிருந்து எவ்வளவு நடை, காத்திருப்பு அறைக்கு வந்தாரா, பிரசவம் எங்கே நடந்தது, வழியிலா 108 வண்டியிலா ஆஸ்பத்திரியிலா. பிறகு வந்தவர்களிலும் வராதவர்களிலும் சிலரைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்து பேசுவது. வேலைக்காக வெளியூர் போனவர்களை "கிடைக்கவில்லை" என்று கழிக்காமல் தனிப் பிரிவாகக் காட்டப்போகிறேன்.

வீட்டில் அம்மாவிடம் மட்டும் விளக்கிச் சொன்னேன். மலைமேல் அவருக்குத் தெரிந்த ஒரு அக்கா இருக்கிறாராம், அவர் வீட்டில் தங்கிக்கொள் என்றார். அப்பா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

எழும்பூர்_எம்டி

இது ஆய்வு. இப்போது வேலையைத் தொடங்குங்கள். வழியில் பிரசவம் என்பதை எப்படி வரையறுக்கப்போகிறீர்கள் என்று முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள், பிறகு மாற்றக் கூடாது. நெறிமுறைக் குழுவுக்குத் தமிழ்ச் சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டும்படி எழுதுங்கள், கைநாட்டு வைப்பவர்களுக்குச் சாட்சி ஒருவர் வேண்டும் என்பார்கள், அந்தச் சாட்சி சுகாதாரத் துறை ஆளாக இருக்க வேண்டாம். கேள்வித்தாள் தயாரானதும் இங்கே போடுங்கள், நான் பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற_எச்ஐ

பேச்சு எடுக்கும்போது செவிலியரைப் பக்கத்தில் உட்கார வைக்காதே தங்கச்சி, அவர் முன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மிளகு சீசன் முடிந்து ஆட்கள் ஊர் திரும்பிய பிறகு, பங்குனி, சித்திரையில் மேலே போ. அதற்கு முன்னால் போனால் பாதி வீடு பூட்டியிருக்கும். பட்டியல் எடுப்பதற்கு வட்டார மருத்துவ அலுவலரிடம் அனுமதிக் கடிதம் வேண்டும், மாவட்ட சுகாதார அலுவலருக்கு ஒரு நகல் வைத்து எழுது. கடிதத்தின் மாதிரியை நாளைக்கு இங்கேயே தட்டச்சு செய்து போடுகிறேன்.